எட்டாத காது

தை 9, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் கலைச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நீயும் வெற்றிச்செல்வியும் என் பேத்தி பூவிழியும் மஸ்கட்டில் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நலம் சொல்ல நான் ஒருத்திதான், நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி வலிக்கிறது. தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, அம்மாவுக்கு எதற்கு லெட்டர் என்று நீ சிரிப்பாய். போனில் நீ பேசும்போது பின்னால் குக்கர் கத்துகிறது, பூவிழி போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடி எனக்கு ஃபேனைக் காட்டுகிறாள், நான் ஒரு பேச்சை ஆரம்பிப்பதற்குள் "நெட்டு போச்சும்மா" என்கிறாய். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் மகன் ராசாங்கம் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் புறப்படுகிறான், அவனிடம் வெங்காய வடகமும் வேர்க்கடலையும் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை வடக டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். முதலில் நீ மட்டும் படி, அப்புறம் வெற்றிச்செல்வியிடம் கொடு.

பொங்கல் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் சத்துணவுக் கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சோறாக்கிய கைக்கு ஒருத்திக்கு அரிசி அளக்கத் தெரியவில்லை, மிஞ்சுகிற சோற்றைத் தின்று கொளஞ்சியம்மாள் ஆடு என்னைவிட நன்றாக இருக்கிறது. போன மே மாதம் ரிட்டயர் ஆனபோது இனிமேல் நிம்மதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை எட்டு மணிக்கே தலைசீவிப் புடவை கட்டி உட்கார்ந்துவிட்டேன். போகத்தான் இடமில்லை. இப்போதும் மதியம் பன்னிரண்டரை ஆனால் யாராவது தட்டோடு வருவார்கள் போல வாசலைப் பார்க்கிறேன், தபால்காரர்கூட வருவதில்லை. உன் அப்பா இருந்தவரைக்கும் சண்டை போடவாவது ஒரு ஆள் இருந்தது, அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. கஷ்டமாகத்தான் இருக்கிறது தம்பி, உன்னிடம் மறைப்பானேன். என்னை அங்கே கூப்பிட்டுக்கொள் என்று சொல்லவில்லை, பயந்துவிடாதே, அந்த லிஃப்டில் ஏறி இறங்க எனக்கு ஆகாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். பூவிழிக்கு ஐந்து முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது, ஆனாலும் பிள்ளை கெட்டிக்காரி, யூ.கே.ஜி. வேண்டாம், ஏப்ரலில் நேராக ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வைக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள், யூ.கே.ஜி. என்றால் பதினொன்றரைக்கே விட்டுவிடுவார்கள், ஒன்றாம் வகுப்பென்றால் இரண்டு மணி வரை இருப்பாள், வெற்றிச்செல்வி வேலைக்குப் போக வசதி, இந்த மாதக் கடைசிக்குள் சேர்க்கைப் பாரம் எழுதிக் கொடுக்கணும், நீ என்னம்மா சொல்ற என்று. நான் "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டேன். இஷ்டம் என்று சொன்னது பொய். வேண்டாம் தம்பி, அவளை அடுத்த வருடம் போடு. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், உன் அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

உன் பிறந்தநாள் மே ஐந்து இல்லை. நீ தொண்ணூறாம் வருடம் மாசி மகத்தன்று பிறந்தவன். காகிதத்தில் உனக்கு முப்பத்தாறு முடிந்து எட்டு மாதம் ஆகிறது, எனக்குத் தெரிந்து வருகிற மாசி மகத்துக்குத்தான் முப்பத்தாறு முடிகிறது. தொண்ணூற்று நாலு ஜூனில் எனக்குச் சத்துணவு வேலைக்கு ஆர்டர் வந்தது, குரும்பலூர் பக்கம், காலை பஸ்ஸில் போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும். அப்பா அரியலூரில் சிமெண்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார், ஞாயிறு மட்டும்தான் வீடு. நம்மூர் பால்வாடி ஆயா இல்லாமல் அந்த வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. உன்னை எங்கே விடுவேன். பள்ளிக்கூடத்தில் போடலாம் என்றால் ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும், அப்போது நம்மூரில் பிறப்புச் சான்றிதழெல்லாம் யார் கேட்டார்கள், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, அவ்வளவுதான். உன் கை காதுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. நான் விடவில்லை. தலையை வலது தோள் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வாரம் தினமும் விளக்கு வைத்த பிறகு பழக்கினேன், தொட்டால் ஒரு பொரியுருண்டை. நீயும் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துச் சிரித்துத் தொட்டாய்.

ஹெட்மாஸ்டர் அரங்கநாதன் சார் நல்ல மனுஷர். உன்னைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பையனுக்குக் கழுத்து சுளுக்கா?" என்று கேட்டார். பிறகு, "ஒரு வருசம் பொறுத்துக் கொண்டாம்மா, பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிடாது" என்றார். நான் சிறுவாச்சூர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, அம்மன் சாட்சியா இவனுக்கு அஞ்சு முடிஞ்சிருச்சுங்க சார் என்று சத்தியம் பண்ணினேன். அவர் பேனாவைத் திறந்து எண்பத்தொன்பதாம் வருடம் மே ஐந்து என்று எழுதினார். நீ ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "எட்டிருச்சும்மா" என்றாய்.

அந்த வருடம் சாயங்காலம் நான் வரும்போதெல்லாம் உன் டவுசர் ஈரமாக இருக்கும். கேட்டால் "பைப்புல வெளையாண்டேன்" என்பாய். இருக்கிற ரெண்டு டவுசரையும் நனைத்துவிட்டு நிற்கிறானே என்று எனக்கு ஆத்திரம், கை ஓங்கி அடித்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. பொங்கல் கழித்துத்தான் உன் பள்ளிக்கூடத்தில் சமைத்த மருதாயி என்னைச் சந்தையில் பார்த்துச் சொன்னாள். "ஒம்மவன் பைப்புப் பக்கமே வரமாட்டான் ஜோதி, ஒண்ணுக்குப் போவணும்னு கேக்க பயந்துக்கிட்டு உக்காந்த எடத்துலயே போயிடுறான், பாக்கிப் புள்ளைங்க எல்லாம் எந்திரிச்சுப் போற வரைக்கும் எந்திரிக்க மாட்டான், மத்தியானம் சோத்துக்குக் கூப்பிட்டாக்கூட வரமாட்டான்" என்றாள். பெல் அடித்த பிறகும் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து டீச்சர், இவனுக்குப் பள்ளிக்கூடம்னா அவ்வளவு பிரியம் என்று சொல்வாராம். நான் அங்கே நாலு மைல் தள்ளி ஊரான் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சோறு போட்டுக்கொண்டிருந்தேன். நீ இங்கே பசியோடு ஈரத்தில் உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கே அரங்கநாதன் சாரிடம் போய் உண்மையைச் சொல்லி உன்னை மறுபடி ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வைத்திருக்கலாம். சத்தியம் பண்ணியவள் எந்த முகத்தோடு போவேன், வேலைக்கும் ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். போகவில்லை. கூடுதலாக ஒரு டவுசர் தைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது.

நீ படித்து மேலே வந்துவிட்டாய், அதற்கு நான் காரணமில்லை. ஆனால் நான் முப்பத்தொரு வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தட்டு வைத்தவள், அதனால் சொல்கிறேன். அழுகிற பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதே, ஒரு வாரத்தில் சரியாகிவிடும், அழாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். படிப்பில் கெட்டிக்காரத்தனம் வேறு, பக்கத்துப் பிள்ளை பென்சிலைப் பிடுங்கினால் குடு என்று கேட்கத் தெரிவது வேறு, பூவிழி போனை உன்னிடம் பிடுங்குவாள், ஏழு வயசுப் பிள்ளையிடம் பிடுங்குவாளா. அடுத்த வருடம் போடும்போதும், முதல் நாள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று காட்டு, அந்த ஊர் டீச்சரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்கு. இன்னைக்கு என்ன நடந்துச்சு என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும், பக்கத்தில் யார் உட்கார்ந்தது, சோறு யாரோடு தின்றாய் என்று கேள். சாப்பாட்டு டப்பாவை நீயே திறந்து பார். டவுசர் ஈரமாக இருந்தால் அடிக்காதே சாமி.

வெற்றிச்செல்வி வேலைக்குப் போவது எனக்குப் பிடிக்காமல் இதை எழுதுகிறேன் என்று அவள் நினைக்கக் கூடாது. நானும் வேலைக்குப் போனவள்தான், போனது தப்பில்லை, உன்னை இழுத்து நீட்டப் பார்த்ததுதான் தப்பு. மாசி மகத்துக்கு வருடா வருடம் எதற்கும்மா பாயசம் என்று நீ கேட்பாய், சாமிக்கு என்பேன், அது உனக்கு வைத்ததுதான். உன் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டில் ஜாதகம் கேட்டபோது எழுதி வைக்கவே இல்லை என்று அடித்துச் சொல்லி, கோயிலில் பூக்கேட்டு முடித்தோமே, அதுவும் இதனால்தான். பூ நல்லதாகத்தான் விழுந்தது, அந்த ஒரு விஷயத்தில் அம்மன் என்னை மன்னித்துவிட்டாள். இன்னொன்றும் இருக்கிறது. நீ எந்தப் போட்டோவிலும் தலையை வலது பக்கம் சாய்த்தே நிற்கிறாய், பாஸ்போர்ட் எடுக்கப் பெரம்பலூர் போனபோது ஸ்டுடியோக்காரர் நாலு தடவை நிமிர்த்திவிட்டார், பிறவியிலேயே கோணல் என்று உன் பெண்டாட்டி கேலி பண்ணுகிறாள். பிறவியில் வந்ததில்லை என்று அவளிடம் சொல். போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னம்மா சொல்ற என்று கேட்டபோதும் அப்படித்தான் சாய்த்துக்கொண்டு நின்றாய், அதைப் பார்த்துத்தான் உங்க இஷ்டம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சிறுவாச்சூர் அம்மன் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். வடகத்தை ஒரு தரம் வெயிலில் காட்டிவிட்டு எடுத்து வை. ராசாங்கம் அடுத்த லீவுக்கு வரும்போது என் முழங்காலுக்குத் தைலம் எதுவும் வாங்கிக் கொடுத்துவிடாதே, போன தடவை அனுப்பியதே அப்படியே இருக்கிறது. மாசி மகத்தன்று வெற்றிச்செல்வியைக் கொஞ்சம் பாயசம் வைக்கச் சொல், இந்த வருடம் உன் பெயரைச் சொல்லியே வைக்கட்டும். பாரம் கொடுக்கிற தேதிக்கு முன்னால் ஒரு நாள் பூவிழியைத் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய்க் காதைத் தொடச் சொல்லிப் பார். எட்டாது. எட்டலேப்பா என்று அவள் சொன்னால், பரவாயில்ல கண்ணு, எட்டும்போது எட்டட்டும் என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொள். எனக்கு அன்றைக்கு அது சொல்ல வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. ஜோதி