ரவிக்கைக் காகிதத்தில் ஓடிய எருமை

அக்கா,

முதலில் பிள்ளைகள் சேதி. அதைச் சொல்லாமல் வேறு எதை ஆரம்பித்தாலும் நீங்கள் விடமாட்டீர்கள். "இன்னா வேலூரு, உன் முட்டிவலிய அப்பறம் கேக்கறேன், பசங்க சேதி சொல்லு" என்பீர்கள், நான் பிறந்த ஊரையே எனக்குப் பெயராக்கி. சொல்கிறேன், கேளுங்கள்.

பெரிய பேரன் கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் டீம் லீடர் ஆகிவிட்டான். அவன் சொன்னால் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் மட்டும் குடிக்கிற தண்ணீரைக்கூட அவனே எடுத்துக்கொள்வதில்லை. போன மாதம் சிங்கப்பூர் போய்விட்டு எனக்கு ஒரு தைலம் வாங்கி வந்தான். போட்டால் வலி போகிறதோ இல்லையோ, தெரு முழுக்க மணக்கிறது. அவன் தங்கை சி.ஏ. தேறிவிட்டாள். எத்தனையோ பேர் திரும்பத் திரும்ப எழுதுகிற பரீட்சையாம், இவள் முதல் தடவையே தேறினாள். சின்னவன் பள்ளியில் தெலுங்குச் செய்யுள் ஒப்பித்து முதல் பரிசு வாங்கினான். கோப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

இதெல்லாம் எல்லாரிடமும் சொல்லுகிற சேதி. உங்களிடம் மட்டும் சொல்லவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. என் பேத்தி, நம்ம பவி மறுபடியும் வரைகிறாள் அக்கா! நிஜமாகத்தான். 

என் பக்கத்தில் தரையில் உங்கள் மூட்டை பிரித்தபடி கிடக்கிறது. மிஷின் எண்ணெயும் சாக்கட்டியும் இஸ்திரியில் லேசாகக் கருகிய காகிதமும் கலந்த வாசனை. கூடம் முழுக்க அதுதான். கண்ணை மூடினால் திருமுல்கேரியில் உங்கள் முன்னறைக்கே போய்விடுகிறேன். நீங்கள் காலால் மிஷினை மிதித்துக்கொண்டே, வாயில் குண்டூசியோடு, "வா வேலூரு, குந்து" என்கிறீர்கள்.

அந்த அறையின் சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கட்டுப் பழுப்புக் காகிதம். முன்பக்கம், முதுகு, கை, பட்டி என்று வெட்டிய ரவிக்கை அளவுகள். முக்கால்வாசி பட்டாளத்து அதிகாரிகளின் மனைவிமார்களுடையவை. ஒரு குடும்பம் டிரான்ஸ்பர் ஆகி ஊரைவிட்டுப் போனால் அந்த ஆணிக் கட்டு அதற்கப்புறம் யாருக்கும் ஆகாது. அப்படிக் கழித்துப்போட்ட காகிதத்தில்தான் நம் பவி வரைய ஆரம்பித்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. என் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, பள்ளி விட்டதும் நானும் அவளும் உங்கள் அறையில்தான் கிடப்போம்.

முதல் நாள் நான் கத்தினேன். "அக்கா காகிதத்தையெல்லாம் பாழ் பண்றியே!" என்றேன். நீங்கள் மிஷினை நிறுத்தினீர்கள். "கைக்கு, எதுக்கு திட்றே புள்ளய? மேம்சாப் ஜம்முவுக்குப் போயிட்டா, அவ முதுகு எனக்கு இனிமே எதுக்கு?" என்று அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தீர்கள். ஓர் எருமை நடுரோட்டில் நிற்கிறது. எதிரே பட்டாளத்து லாரி. எருமை தலையில் தொப்பி. அதன் பெயர் கேப்டன் எருமை.

"ஹவ், ஆமா, நல்லாகீது. அப்பறம் இன்னா ஆச்சு?"

 பவி அதற்குமேல் யோசித்திருக்கவில்லை.

"அப்பறம் இன்னா ஆச்சுன்னு சொன்னாத்தான் அடுத்த காகிதம். இல்லாட்டி நக்கோ, கெடயாது."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். கதையின் அடுத்த அடியைச் சொன்னால் ஆணியிலிருந்து ஒரு துண்டு இறங்கும். எந்தத் துண்டு கைக்கு வருகிறதோ, அதற்குள் கதை அடங்கவேண்டும். கைத்துண்டு வந்தால் அகலமான பக்கத்தில் எருமை ஓட ஆரம்பித்துக் குறுகலான பக்கத்தில் புள்ளியாகிப் பக்கத்து ஊர் போலாரத்துக்கே போய்விடும். அக்குள் வளைவு மலை ஆகும். முதுகுத்துண்டில் கழுத்துக்கு வெட்டிய இடம் கிணறு. லாரி, போலீஸ், பால்காரன், எல்லாரும் வரிசையாக அந்தக் கிணற்றில் விழுவார்கள். அடுத்த முதுகின் கழுத்து வழியாக வெளியே வருவார்கள். நிஜமாகவே காகிதத்தில் பள்ளம் இருந்ததால், விழுவதை வரையவே தேவையில்லை!

எருமை பேசுவதை நான்தான் எழுதினேன். அவளுக்குப் பள்ளியில் தெலுங்கும் ஹிந்தியும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து தெரியாது. அவள் சொல்லச் சொல்ல, அஞ்சாம் வகுப்போடு நின்ற என் குண்டு குண்டு எழுத்தில் நான் எழுதுவேன். "நக்கோ போ! இது என் ரோடு!" உங்களுக்குப் படிக்கத் தெரியாததால் நான் எருமைக் குரலில் வாசிக்கவும் வேண்டும். அந்தக் காலத்தில் நான் பேசினதைவிட எருமை பேசினதுதான் அதிகம்.

மேஜர் மேம்சாப் கதை ஞாபகம் இருக்கிறதா? அவர்களுக்கு டிரான்ஸ்பர் என்று நீங்கள் அந்தக் கட்டைப் பவியிடம் கொடுத்துவிட்டீர்கள். அவளும் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் முதுகு நிறைய எருமை முகம் வரைந்துவிட்டாள். ஆனால் டிரான்ஸ்பர் ரத்தாகிவிட்டது. மேம்சாப் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து, மறுநாளே கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று நின்றார்கள். புது அளவு வெட்ட நேரமில்லாமல் நீங்கள் அதே காகிதத்தைத் துணிமேல் வைத்துத் தண்ணீர் தெளித்து இஸ்திரி ஓட்டினீர்கள். கல்யாணம் முடிந்து அந்த அம்மாள் ரவிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்களே!

"ஆன்ட்டி! யே க்யா ஹை? மேரே பீட் பே பைன்ஸ்!" முதுகில் எருமையா என்று.

 பவி மிஷினுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள். நீங்கள் ரவிக்கையை வாங்கி உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளாறதானே இருக்கு மேம்சாப். யாராவது பாத்திருந்தா, அவங்களத்தான் மொதல்ல கேக்கணும்" என்று அவர்கள் மொழியிலேயே சொன்னீர்கள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு! உட்கார்ந்துவிட்டார்கள். யார் வரைந்தது என்று கேட்டு, மிஷினுக்குக் கீழே குனிந்து, "ஃபிர் க்யா ஹுவா?" என்றார்கள். அப்புறம் என்ன ஆச்சு. நீங்கள் கேட்கிற அதே கேள்வி. பவி தவழ்ந்து வெளியே வந்து சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் எப்படி வளர்ந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கண்ணை மூடினபிறகு நடந்ததுதான் தெரியாது. படம் வரைகிற படிப்பை முடித்து மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற படக்கதைக்கு இவர்கள் கோடு சுத்தம் பண்ணவேண்டும். எல்லாம் ஒரே அளவுக் கட்டங்கள். கட்டத்தைவிட்டு ஒரு மயிரிழை வெளியே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவள் கெட்டிக்காரி, அதிலும் பெயர் வாங்கினாள். ஆனால் வீட்டில் தனக்கென்று ஒரு படக்கதை வரைய உட்கார்ந்தால் ஓடவில்லை. மூன்று இடங்களுக்கு அனுப்பினாள். நீட்டாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு, "அவரு கரெக்டாதான் சொல்றாரு அம்மம்மா" என்றாள். அழுதிருந்தாலும் பரவாயில்லை. அழவில்லை.

பிறகு வேலையை விட்டாள். அவள் அப்பா அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் டெஸ்டிங் கோர்ஸ் சேரலாம் என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவர் பார்த்த பிள்ளைகள் எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் நிமிர்ந்தார்கள். இவள் உடனே சரி என்றாள். எதற்கும் மூன்று மொழியில் வாயாடுகிறவள், ஒரு வார்த்தை பேசாமல் சரி என்றதும் எனக்குத் திக்கென்றது. தன் பேனாக்களையெல்லாம் தூக்கிச் சின்னவனிடம் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும்.

அதற்கு முந்தின நாள், ஞாயிறு மத்தியானம், உங்கள் மகன் வந்தான். வீட்டைக் காலி செய்கிறானாம். "சின்னம்மா, இது பரண்ல இருந்துச்சு. பவி சொத்துன்னு அம்மா சொல்லும், தூக்கிப் போட மனசு வரல" என்று பாவாடை நாடாவால் கட்டின மூட்டையை வைத்துவிட்டுப் போனான்.

எல்லாம் இருந்தது அக்கா. ஒன்றையும் நீங்கள் போடவில்லை. கிழிந்த இடத்திலெல்லாம் பின்பக்கம் லைனிங் துணி ஒட்டி வைத்திருந்தீர்கள்.

பவி கூடத்தில் பரப்பினாள். முதலில் சிரிப்பு. "அய்யோ, இதுக்கு அஞ்சு காலு! அம்மம்மா, எருமையவிட லாரி சின்னதா இருக்கு பாருங்க!" நான் விடவில்லை. எனக்கு எருமைக் குரல் இன்னும் வருகிறது. வாசித்தேன். சின்னவன் வந்து உட்கார்ந்தான். கைத்துண்டு முடிந்தது, முதுகு வந்தது. எல்லாரும் கிணற்றில் விழுந்தார்கள். அடுத்த முதுகில் போலீஸ்காரர் மட்டும் வெளியே வந்தார். எருமை வரவில்லை. அதோடு கட்டு முடிந்துவிட்டது. அந்த வருஷம்தான் என் மகள் வீடு மாறி நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம்.

"தரவாத்த ஏமைந்தி?" என்றான் சின்னவன். அவனுக்குத் தெலுங்குதான் முந்தும். அப்புறம் என்ன ஆச்சு என்கிறான். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை அக்கா, சத்தியமாக!

பவி கடைசி முதுகுத்துண்டைத் தூக்கினாள். கழுத்துப் பள்ளத்தின் வழியே கையை விட்டு, விரல்களை அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் கத்திரிக்கோலும் சார்ட் காகிதமும் கொண்டுவந்தாள். என் பழைய ரவிக்கை ஒன்றை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினாள்.

"டேய், என் பேனாவக் குடு."

"இச்சேசாவ் கதா!" கொடுத்துவிட்டாயே என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தானே. துரத்திப் பிடுங்கினாள். ஓடினதில் என் டீ கொட்டியது. 

சாயங்காலம் அவள் அப்பா வந்து, "நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் கிளம்பணும்" என்றார்.

"நக்கோ அப்பா."

"என்னம்மா இது, நீதானே சரின்னே?"

"அப்போ எருமை கெணத்துல இருந்துச்சு" என்றாள்.

மனிதர் என்னைப் பார்த்தார். நான் அஞ்சாம் வகுப்பு, எனக்கு என்ன தெரியும்? ஆனால் சொன்னேன். "மாப்ளே, அமீர்பேட் எங்கியும் ஓடிப்போவாது. தசரா வரைக்கும் இவள விடுங்க. அப்பவும் ஒண்ணும் ஆவலைன்னா நானே ஆட்டோ வெச்சு இட்டுனு போயி சேக்கறேன்." அவர் தரையில் கிடந்த ஒரு கைத்துண்டை எடுத்துப் பார்த்தார். எருமை புள்ளியாகிப் போனதை விரலால் தொட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தசரா வரைக்கும்தான்" என்றார்.

தசரா வருவதற்குள்ளேயே பெங்களூரில் குழந்தைகள் புத்தகம் போடுகிற ஒருவர் எடுத்துக்கொண்டார்! முழுப் புத்தகமும் ரவிக்கைத் துண்டு வடிவத்தில். கழுத்துப் பள்ளத்தை நிஜமாகவே வெட்டி அச்சடிப்பார்களாம். தமிழ்ப் பதிப்பில் எருமை பேசுவது யார் கையெழுத்து என்று நினைக்கிறீர்கள்? என்னுடையது! கம்ப்யூட்டர் எழுத்து வேண்டாம், பாட்டி எழுத்துத்தான் வேண்டும் என்று அவரே சொன்னாராம். இரண்டு நாளாக வீட்டில் யாரையும் பக்கத்தில் விடாமல் எழுதிப் பழகுகிறேன். மாப்பிள்ளை ஆபீஸில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்கிறார், அமீர்பேட் பேச்சை எடுத்தவரே தான் இல்லை என்பது போல.

எருமை எப்படிக் கிணற்றிலிருந்து ஏறுகிறது தெரியுமா? ஒரு டைலரம்மா மேலேயிருந்து நாடாவை விடுகிறாள். அது நீங்கள்தான். அங்கேதான் பவிக்குச் சிக்கல். உங்கள் கை வந்துவிட்டது, கண்ணாடி வந்துவிட்டது, சிரிப்பு மட்டும் வரமாட்டேன் என்கிறது. நூலைக் கடித்துக் கடித்து முன்பல்லில் விழுந்த வெட்டைக் காட்டக்கூடாது என்று எல்லாப் போட்டோவிலும் வாயை இறுக்கி மூடியிருக்கிறீர்கள். உங்கள் மகனிடமும் கேட்டாயிற்று, அவனிடமும் இல்லை. அந்தச் சிரிப்பு இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. தினம் பவி முன்னால் உட்கார்ந்து, உதடு முதலில் இடது பக்கம் போகும், அப்புறம் தோள் குலுங்கும், சத்தம் கடைசியில்தான் வரும் என்று செய்து காட்டுகிறேன். "அம்மம்மா, இது நீங்க சிரிக்கிற மாதிரி இருக்கு" என்கிறாள்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் இருக்கிற இடத்தில் போட்டோ பிடிக்கிறவன் யாராவது இருந்தால், வாயைத் திறந்து சிரித்தபடி புதிதாக ஒன்று எடுத்து, தபாலில் போட்டுவிடுங்கள் அக்கா.