மிதியடிக்குக் கீழே இருந்த ஓட்டை

ஏனுங்க,

நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். இருந்தாலும் கேட்கிறேன். கல்லறைத் திருநாள் வருகிறது. உங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. இந்த வருஷம் மழை அதிகம், மிளகு கொஞ்சம் அழுகிவிட்டது. காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது.

உங்கள் அம்பாசிடர் மறுபடி ஓடுகிறது. ஓடியது என்று சொல்ல வேண்டும். இப்போது ஊட்டு வாசலில் நிறுத்தி, சாவியை நான் வைத்திருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் போன பிறகு மூன்று வருஷம் அது தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பழைய எஞ்சின் இறுகிப் போய்விட்டது. நம் பேத்தி ரீனா ஸ்கூலில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாக, "தாத்தா வண்டிய ஓட்டாம உடமாட்டேன் அம்மாயி" என்றாள். சேலத்திலிருந்து குமரேசன் என்று ஒரு மெக்கானிக்கைப் பிடித்து வந்தாள். அவன் ஏதோ ஒரு வேனின் பெட்ரோல் எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டினான். பெரிய எஞ்சின். பானெட்டுக்குள் கை நுழைய இடமில்லை. குனிந்து பார்த்தேன், காற்றுப் போக வழியே தெரியவில்லை.

"ஏப்பா, உள்ளார இருக்கற சூடு எது வழியா வெளிய போவும்?"

"அதெல்லாம் ஃபேன் பாத்துக்கும் ஆயா. நீங்க உக்காந்து ஊர் சுத்துங்க" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை. உங்களுக்கே தெரியும்.

இரண்டாவதாக ஆர்.சி. புத்தகத்தை எடுத்தேன். அதில் உங்கள் பழைய எஞ்சின் நம்பர்தான் இருந்தது. நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் நம்பர் படிக்க அது போதும். வண்டியை எஃப்.சி. சோதனைக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் எஞ்சின் நம்பர் மேல் காகிதம் வைத்து நீங்கள் பென்சிலால் தேய்ப்பீர்கள், நான் டார்ச் பிடிப்பேன். அந்த மாதிரியே நானும் தேய்த்தேன். காகிதத்தில் வந்த நம்பர் வேறு, புத்தகத்தில் இருந்த நம்பர் வேறு.

"இத ஆபீசுல சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

"பானெட்ட தொறந்து எவன் ஆயா பாக்கப் போறான்? அப்பறமா ஏத்திக்கலாம்" என்றான்.

"ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் தொறந்து பாப்பானே சாமி. அன்னிக்கு நீ வந்து நிப்பியா?"

அவன் ரீனாவைப் பார்த்தான். ரீனா என்னைப் பார்த்து, "அம்மாயி, நீங்க போலீசுல சேந்திருக்கோணும்" என்றாள். இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது? எவன் வண்டியில் இருந்தது? அன்று ராத்திரி முழுக்க இதே யோசனைதான்.

போன மாதம் கண் டாக்டரைப் பார்க்கச் சேலம் போனோம். ரீனா ஓட்டினாள், நான் பக்கத்தில். மலை இறங்கும்போது ஒன்றுமில்லை. நான் வெற்றிலை துப்புவதற்காகக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கியே வைத்திருந்தேன். திரும்பி ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதி மலைக்கு மேல் பனிமூட்டம். "அம்மாயி, குளுருது, கண்ணாடிய ஏத்துங்க" என்றாள். ஏற்றிவிட்டேன்.

பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் அவள் பேச்சு நின்றது. நெற்றியைத் தடவினாள். எனக்கும் தலை கனத்தது. "என்னமோ மாதிரி இருக்குது அம்மாயி" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வண்டி ஓரக் கட்டைச் சுவரை நோக்கிப் போனது. நான் கத்தினேன். நல்லவேளை, பிரேக்கில் கால் வைத்தாள். கதவைத் திறந்து இறங்கி, மழையிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நின்ற கார்க்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "வளைவுங்க. எலுமிச்சம்பழத்த மோந்து பாக்கச் சொல்லுங்க." ஊருக்கு வந்தாலும் அதே பேச்சு. "புதுசா ஓட்டறா, மலை சுத்தல், சரியாப் போயிரும்."

நான் நம்பவில்லை. இந்த மலையில் பிறந்து, பஸ்சின் கடைசி சீட்டில் தொங்கிக்கொண்டு சேலத்துக்குக் காலேஜ் போய் வந்தவள், வளைவுக்கா வாந்தி எடுப்பாள்? வெளிக்காற்று பட்டதும் கால்மணி நேரத்தில் தெளிந்தாளே, அது எப்படி? சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, மலையில் யாருக்கு மயக்கம் வந்தாலும் வளைவு என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

மறுநாள் குமரேசனை மலைக்கு வரவழைத்தேன். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி, அவனை உள்ளே உட்காரச் சொன்னேன். ஐந்து நிமிஷம் கூட இல்லை, தலை கிறுகிறுத்து இறங்கிவிட்டான். முகத்தில் சிரிப்பைக் காணோம். முன் சீட்டில் நான் கால் வைக்கும் இடத்து மிதியடியைத் தூக்கினான். எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. புது எஞ்சினின் புகைக் குழாய் இணைப்பு சரியாக அதற்கு எதிரில் வந்திருக்கிறது. இணைப்பில் கசிவு. புகை அத்தனையும் உள்ளே.

"எம் பேத்திய கொல்லப் பாத்தியேடா! எதுக்கு இந்த ஓட்ட போட்ட?"

"சத்தியமா நான் போடலீங்க ஆயா. இது முந்தியே இருந்துச்சு. மேட் கெடந்துச்சு, அப்பிடியே உட்டுட்டேன்."

"பொய் சொல்லாத."

"நீங்களே பாருங்க. இந்த மாதிரி தைக்க எனக்குத் தெரியுமா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். ஓட்டையின் விளிம்பு காலைக் கிழிக்காமல் இருக்க, சைக்கிள் டியூபை மடித்து வைத்து, தகட்டில் சிறு துளை போட்டுச் சணலால் சுற்றித் தைத்திருந்தது. ஒரு தையல் நேராக, ஒரு தையல் குறுக்காக, கடைசியில் இரட்டை முடிச்சு. எஸ்டேட்டில் காப்பி மூட்டையின் வாயை நீங்கள் அப்படித்தான் தைப்பீர்கள். கோணி ஊசியை என்னிடம்தான் வாங்கிப் போவீர்கள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் காலில் வாதம் வந்த அந்த மார்கழியிலா செய்தீர்கள்? அந்த வருஷம்தான் வண்டியில் ஏறினால் கால் கதகதவென்று இருக்க ஆரம்பித்தது. "என்னங்க, இந்த வண்டியில மட்டும் காலே குளுர மாட்டேங்குது?" என்று கேட்டேன். "நொம்ப நல்ல ராசி வண்டி புள்ள, சூடு தானா வருது" என்றீர்கள். அதை நான் நம் ஊர் வெள்ளக்கடை முழுக்கச் சொல்லிப் பெருமை அடித்தேனே! மாதாவின் வண்டி என்று கூடச் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் நின்று தாடையைச் சொறிந்துகொண்டிருந்தீர்கள்.

எனக்காகத்தான் செய்தீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. சேலம் போய் வந்தால் எனக்குத் தலைவலி வருமே, அதுவும் வளைவால்தானா? நீங்கள் தலைவலி மாத்திரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தீர்களே, உங்களுக்கும் வலித்ததா? பழைய எஞ்சினின் குழாய் மறுபக்கம் இருந்தது, சூடு மட்டும்தான் வந்திருக்கும் என்கிறான் குமரேசன். இருக்கலாம். உங்களைக் கேட்டால் தெரியும். நீங்களும் சிரித்துத்தான் மழுப்பியிருப்பீர்கள்.

சொல்லாமல் செய்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், புது எஞ்சின் மாட்டும்போது முதலில் அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லியிருப்பேன்.

இப்போது தகடு வைத்துப் பற்றவைத்து அடைத்தாயிற்று. குழாய் இணைப்பை மாற்றி, எஞ்சின் சூடு கீழே இறங்கிப் போக வழி செய்திருக்கிறான். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் ரீனாவோடு பஸ்சில் போனேன். எஞ்சின் மாற்றுவதற்கு முன்னாலேயே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று அங்கே கண்டித்தார்கள். எஞ்சின் வாங்கிய பில் வேண்டும், வண்டியை நேரில் பார்ப்போம், புத்தகத்தில் புது நம்பர் ஏறும்வரை ரோட்டில் எடுக்கக் கூடாது என்றார்கள். குமரேசன் இரண்டு நாள் கழித்துப் பழைய இரும்புக் கடை பில் ஒன்றைக் கொண்டுவந்தான். பில்லில் இருந்த நம்பரையும் நான் பென்சிலால் எடுத்த நம்பரையும் மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன். ஒத்துப் போகிறது. அவன் திருடன் இல்லைதான். ஆனாலும் பில்லில் மை புதுசாக இருக்கிறது. கடைக்காரரிடம் நேரில் கேட்டு வர ரீனாவை அனுப்பியிருக்கிறேன்.

அவளுக்கு இப்போது ஒன்றுமில்லை. "தாத்தா மேல கோவமா அம்மாயி?" என்று கேட்டாள். "ஆமா கண்ணு" என்றேன்.

உங்கள் தையலைக் குமரேசன் பிரித்து எறியப் பார்த்தான். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சணல் இன்னும் இற்றுப் போகவில்லை.

இந்தத் திருநாளுக்கு நடந்தே வருகிறேன். புத்தகத்தில் புது நம்பர் ஏறி, எஞ்சினை ஓடவிட்டு, நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு உள்ளே நானே அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் ரீனா கையில் சாவி. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அடுத்த வருஷம் அதில் உங்களைப் பார்க்க வருவோம். கால் குளிரும். கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறேன்.

கால் சூடு ஏறியவள்,
உங்கள் ஊட்டுக்காரி
லூர்து