கடற்கரையில் விரித்த பாய்

அப்பா,

சனிக்கிழமை கறித்தூள் வாங்க, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்குப் போயிருந்தேன். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் பாய்களைச் சுருட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள். புதுப் பாயின் மணம் மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. கடைக்கார அண்ணை, "பாய் வேணுமோ தங்கச்சி?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றேன். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, பாயில் சம்மணமிட்டு, பொப் பாட்டுக்காரர் மேடைக்கு வரும்வரை பொறுமையாகக் காத்திருந்த உங்கள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

எனக்கு அப்போது பதினான்கு வயது. நோர்மண்டிக் கடற்கரையில் கோடைதோறும் இலவசமாக நடக்கும் பாட்டு நிகழ்ச்சிக்குப் போகவேண்டும் என்று ஒரு மாதம் உங்கள் உயிரை வாங்கினேன். வகுப்பில் எல்லாரும் போகிறார்கள் என்று ஒரு பொய்யும் சொன்னேன். உணவகத்தின் குசினியில் கிழமைக்கு ஆறு நாள் வெந்துவிட்டு வரும் நீங்கள், ஏழாவது நாள் ஒரு முடிவைச் சொன்னீர்கள்.

"தனிய விடமாட்டன் பிள்ளை. போறதெண்டால் எல்லாருமாப் போவம்."

எல்லாரும் என்றால் நீங்கள், அம்மா, நான், ஒரு பாய், ஐம்பது மட்டன் ரோல்ஸ். சிநேகிதரிடம் இரவல் வாங்கிய வான் வண்டியில், எங்கள் வீடு இருந்த எபினேயிலிருந்து விடியவே கிளப்பிவிட்டீர்கள். பாட்டு மாலை ஆறு மணிக்கு. நாங்கள் பன்னிரண்டுக்கே மேடைக்கு முன்னால். கோயில் வீதியில் பாட்டுக்கோஷ்டி கேட்டு வளர்ந்த ஆள் நீங்கள். முதலில் பாய் விரித்தவருக்கே இடம் என்பது உங்களுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டம். காற்றுக்குப் பாய் பறக்காமல் நான்கு மூலையிலும் எங்கள் சப்பாத்துகளை வைத்தீர்கள்.

ஆறு மணியானதும் அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை. சனம் முழுக்க எழுந்து நின்று துள்ளத் தொடங்கியது. பாயில் இருந்த உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள். கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தீர்கள். பிறகு எழுந்து, சனத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் மேலும் கீழும் அசைத்து, "அசி, அசி, சில் வூ ப்ளே" என்று எல்லாரையும் உட்காரச் சொன்னீர்கள். கை முழுக்கப் பச்சை குத்திய ஒருவரிடம், பின்னுக்கு நிற்பவர்களுக்கு மறைக்கிறது என்று தமிழிலேயே நியாயமும் எடுத்துச் சொன்னீர்கள்.

"இஞ்சாருங்கோ, அதுகள் ஆட வந்ததுகள். இருக்க வந்ததுகள் இல்லை" என்றார் அம்மா.

ஆனால் பச்சை குத்தியவர் சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்தார். அவருடைய சிநேகிதர்களும் உட்கார்ந்தார்கள். இரண்டு வரிசை உட்கார்ந்துவிட்டது அப்பா! உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ரோல்ஸ் கொடுத்துக்கொண்டே போனீர்கள். இன்றைக்கு நினைத்தால் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்கு மானம் போனது. பாயிலிருந்து மெல்ல நழுவி பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் வகுப்பு லோரா வந்து சேர்ந்தாள். அவள் குடும்பம் விடுமுறைக்கு அந்த ஊருக்கு வந்திருந்தது. அந்த மனிதர் உனக்குத் தெரிந்தவரா என்று உங்களைக் காட்டிக் கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நேரே உங்களிடம் போய், என்னைக் கைகாட்டி, அவள் உங்கள் மகளா என்று கேட்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கடலைப் பார்த்தேன்.

"இல்லை மத்மசெல், எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது" என்று உங்கள் பிரெஞ்சில் சொன்னீர்கள். பிறகு அவள் கையில் இரண்டு ரோல்ஸ் வைத்து, ஒன்றை அந்தப் பிள்ளைக்கும் கொடுக்கச் சொன்னீர்கள். அவள் கொண்டுவந்து தந்தாள். நான் சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது அதைப்பற்றி நீங்கள் ஒரு சொல் கதைக்கவில்லை. பிரெஞ்சு விளங்காத அம்மாவுக்கும் சொல்லவில்லை. அடுத்த கோடையில் நான் கேட்காமலே மறுபடி கூட்டிக்கொண்டு போனீர்கள். ஆனால் பாயை எல்லாருக்கும் பின்னால், வீதியோரச் சுவருக்குக் கீழே விரித்தீர்கள். முன்னால் இருந்தால் ஒலிபெருக்கி காதைக் குத்துகிறது என்று காரணம் சொன்னீர்கள். தலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று அம்மா நாள் முழுக்க முணுமுணுத்தார். யாருக்காக அவ்வளவு தள்ளிப் போனீர்கள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. தெரிந்தும், முன்வரிசையில் போய் ஆடினேன்.

மூன்றாவது கோடையில் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த முறையும் லோரா வந்திருந்தாள். அவள் கையைப் பிடித்து, சனத்துக்குள்ளால் இழுத்துக்கொண்டு சுவரடிக்கு வந்து, "இவர் என் அப்பா" என்று பிரெஞ்சில் சொன்னேன். சொன்ன அதே நொடியில் மேடையில் டிரம்ஸ் வெடித்தது. நீங்கள் மேடையைப் பார்த்து முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகுதான் திரும்பி, புதிதாக ஓர் ஆளைச் சந்திப்பதுபோல, லோராவுக்குப் பொன்ஜூர் சொல்லிக் கைகொடுத்தீர்கள். அவள் வயிற்றை நிரப்பித்தான் அனுப்பினீர்கள்.

நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா அப்பா?

இதைக் கேட்க எனக்கு எத்தனையோ வருடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கேட்டிருக்கலாம். மருத்துவமனையில் உங்கள் கட்டிலருகே இருந்த பின்னேரங்களில் கேட்டிருக்கலாம். கேட்டால், நீங்கள் ஒருவேளை மறந்தே போயிருக்கும் அந்த முதல் நாளை நானே திரும்ப நினைவூட்டிவிடுவேனோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

போன மாரியில் நீங்கள் போன மறுநாள், மரணத்தைப் பதிய நகரசபை அலுவலகமான மெரிக்குப் போனேன். அம்மா வீட்டில் இருந்தார். சின்ன அறை. கதவு சாத்தியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் உங்கள் பெயரையும் பிறந்த ஊரையும் மெதுவாக எழுத்துக்கூட்டிக் கேட்டுப் பதிந்தார். பிறகு தலை நிமிராமலே, "இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?" என்று என்னைக் கேட்டார்.

"மகள். நான் அவருடைய மகள்."

டிரம்ஸ் அடிக்கும் கடற்கரையில் சொல்வதுபோலச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. "எனக்குக் கேட்கிறது, மதாம்" என்றார் மிருதுவாக.

அவருக்குக் கேட்டது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் சரி, ஒருவரும் கேட்காவிட்டாலும் சரி, நான் அதை அதே சத்தத்தில்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன், அப்பா.