மச்சாள் புலம்ப மாட்டாள்

என் பவளம் மச்சாளுக்கு,

சுகமாக இருக்கிறீரா என்று தொடங்கித்தான் எனக்குக் கடிதம் எழுதத் தெரியும். இந்த முறை அது சரிவராது. ஆனாலும் கேட்டுவிட்டேன், பதில் சொல்வதும் விடுவதும் உம்முடைய விருப்பம். உயிரோடு இருந்த காலத்திலும் நீர் என் கடிதங்களுக்குப் பதில் போட்டவர் அல்ல.

நாளை உமக்கு முப்பத்தோராம் நாள். சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்ரேஷனுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் சாப்பாடு. இருநூறு பேருக்குச் சொல்லியிருக்கிறது. கத்தரிக்காய்க் குழம்பு யார் வைப்பது என்று இரண்டு நாள் இழுபறி நடந்து, கடைசியில் உமக்குக் கண்ணில் காட்டக்கூடாத அந்த மனிசியே வென்றுவிட்டார். உப்புக் கூடத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டோடு உம்முடைய கல்வெட்டும் கையில் கொடுபடும். பெயர்தான் கல்வெட்டு, மற்றப்படி மினுங்கல் தாளில் முப்பத்திரண்டு பக்கப் புத்தகம். முன்னட்டையில் பட்டுச் சேலையோடு நீர், பின்னட்டையில் பிள்ளையார். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு ஆளாளுக்குச் செய்யுளில் புலம்பல். உம்முடைய மருமகனுக்குத் தமிழில் தன் பெயரையே எழுதத் தெரியாது. அவரும் எட்டு வரி எதுகை பிசகாமல் புலம்பியிருக்கிறார். எனக்கும் எட்டு வரி ஒதுக்கி வைத்திருந்தார் உம்முடைய தம்பி, அதாவது என் வீட்டுக்காரர் நித்தி.

"நீர் பேப்பருக்குச் சிரிப்பு வரப் பகிடி எழுதுற ஆள்தானே. இதில பகிடி வேண்டாம். மச்சாள் புலம்பல் எண்டு தலைப்புப் போட்டு எழுதித் தாரும்."

எழுதத்தான் இருந்தேன், மச்சாள். அதற்கு முதல் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி உம்முடைய வாழ்க்கை வரலாற்றைத் தந்தார். அங்கேதான் எனக்குக் கோபம் ஏறியது.

எண்பத்து மூன்று கலவரத்தில் ஒரு பையோடு நீர் கொழும்பை விட்டு வெளிக்கிட்ட கதைக்கு ஒரு பக்கம் முழுவதும் கொடுத்திருக்கிறார். கொடுக்கத்தான் வேண்டும். பரமற்றாவில் இருபது வருஷக் கந்தோர் வேலைக்கு அரைப் பக்கம். அதற்குப் பிறகு, மூன்று வருஷத்துக்கு முன் வந்த அந்த ஐந்து மாதத்துக்கு? ஒரே ஒரு வரி. 'இக்காலத்தில் அன்னார் நண்பர்களின் இல்லங்களில் தங்கி ஆன்மீக யாத்திரை மேற்கொண்டார்.'

மெல்பேர்னுக்குக் கிட்ட, டண்டினொங் பக்டரியில் சலாது இலை கழுவியது எந்தக் கோயில் யாத்திரை? எனக்குத் தெரிய அங்கே கும்பிடுவதற்கு பாரம் தூக்குகிற ஒரு போக்லிஃப்ற் வண்டிதான் இருந்தது.

"இதென்ன இது? அக்கா யாத்திரை போனவவே?" என்று கேட்டேன்.

"பின்ன என்னெண்டு போடுறது? ஐம்பத்து நாலு வயசில முதுகில மூட்டை கட்டிக்கொண்டு றோட்டு றோட்டாத் திரிஞ்சவ எண்டோ? இருநூறு பேர் வாசிக்கிற புத்தகமப்பா."

"திரிஞ்சவதான். நானும்தான் கூடத் திரிஞ்சனான்."

"அதாலதான் சொல்லுறன்."

பார்த்தீரா? உம்முடைய மானத்தோடு சேர்த்து என்னுடையதையும் மறைத்துப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்.

அது தொடங்கிய நாள் உமக்கு நினைவிருக்கும். உம்முடைய மகள் ஷாமினிக்குப் பிரசவ லீவு முடிகிறது, குழந்தையை யார் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் கூட்டம். பத்துப் பேர் கேக் தின்றுகொண்டே நீர்தான் பார்ப்பீர் என்று முடிவெடுத்தோம். உம்மை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களில் நானும் ஒருத்தி. இரண்டாவது துண்டுக் கேக்கில் கவனமாக இருந்தேன். நீரோ மறுநாள் கூடாரச் சாமான் விற்கிற கடைக்குப் போய் ஒரு சிவப்பு முதுகுப்பை வாங்கி வந்தீர். அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது பின்னாலிருந்து பார்த்தால் பைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது.

"பழைய ஹொஸ்ரல் சிநேகிதியள் ஏழு பேர் இந்த நாட்டில இருக்கினம். ஒவ்வொருத்தியாப் பாத்துக்கொண்டு, வழியில கிடைக்கிற வேலையைச் செய்துகொண்டு போட்டு வாறன். பேரப்பிள்ளை எங்கையும் ஓடாது" என்று சொல்லிவிட்டு மெல்பேர்ன் பஸ் ஏறிவிட்டீர்.

மூன்று கிழமை பொறுத்தார் நித்தி. பிறகு என்னை அனுப்பினார். "ரண்டே ரண்டு நாள். கதைச்சுப் பேசிக் கூட்டிக்கொண்டு வாரும்." நான் இழுத்து வருகிற சில்லுப் பெட்டியும் குதி உயர்ந்த சப்பாத்துமாக, கைப்பையில் இரண்டு பேருக்கும் திரும்பல் டிக்கெற்றோடு வந்து இறங்கினேன். நீர் றப்பர் பூட்ஸோடு பஸ் நிலையத்தில் நின்றீர்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீரோ? நல்லது. நாளைக்கு எங்கட லைனில ஒரு ஆள் குறையுது. ஒரு நாளைக்கு வாரும். பிறகு போவம்."

பேப்பருக்கு ஒரு கட்டுரை தேறும் என்ற பேராசையில் தலையாட்டினேன்.

அந்தக் குளிர் அறையை நான் மறக்க மாட்டேன். தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, முன்னால் ஓடுகிற பட்டியில் மலை மலையாகச் சலாது இலை. பழுப்பு இலையைப் பொறுக்கித் தொட்டியில் போடவேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் பதற்றத்தில் பச்சையைத் தொட்டியில் போட்டுப் பழுப்பை ஓடவிட்டேன். ஸ்பிரிங்வேலிலிருந்து வருகிற வியட்நாம் மேற்பார்வைக்காரி அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தோளில் பிடித்துக் கழுவுகிற பக்கம் நிறுத்தினார். என் எழுத்தை இத்தனை வருஷத்தில் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் இவ்வளவு மரியாதையாகத் திருத்தியதில்லை.

அங்கே நின்றுதான் கேட்டேன், ஏன் மச்சாள் இதெல்லாம் என்று. மெஷின் இரைச்சலில் நீர் கத்தித்தான் பதில் சொன்னீர். பக்கத்தில் நின்ற யாருக்கும் தமிழ் தெரியாது என்பதாலோ என்னவோ, அவ்வளவும் சொன்னீர்.

"கொழும்பால வரேக்கை ஒரு கையில ஷாமினி, மற்றக் கையில பை. என்ன வைச்சனான் எண்டே தெரியாது, அவ்வளவு பயம். இங்க வந்து திறந்தால் ரண்டு சேலை, ஒரு கரண்டி, பிள்ளையின்ரை ஒற்றைச் சப்பாத்து. ஒற்றைச் சப்பாத்து மச்சாள்! அதுக்குப் பிறகு நான் ஒரு பையும் தூக்கேல்லை. அதுதான், சாகிறதுக்கு முதல் ஒருக்கால் பயமில்லாமல் ஒரு பை தூக்கிப் பாக்கப் போறன். இதுக்கு ஏன் நித்தி கத்துறான்?"

நான் அடுத்த கை இலையைத் தண்ணீருக்குள் தள்ளினேன். கைப்பையில் இருந்த டிக்கெற்றுகளின் தேதி மறுநாள் கடந்து போனதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தும் பாராமல் இருந்தோம்.

அதன் பிறகு நாலு மாதம். ஸ்ரோபெரி பிடுங்கியதில் என் இடுப்பு போனது. வீட்டுக்கு வீடு விளம்பரத் தாள் போட்டதில் ஒரு நாயிடம் என் ஒற்றைச் செருப்புப் போனது. விடுதியில் எட்டுப் பேர் படுக்கிற அறையில் எனக்கு மேல்கட்டில். நான் ஏணியில் ஏறும்போதெல்லாம் இரண்டு ஜெர்மன் பெட்டைகள் கீழே வந்து நின்று கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாள் நீர் அவர்களின் நெற்றியிலும் திருநீறு பூசி வேலைக்கு அனுப்பினீர். இதற்கு நடுவில் ஹொஸ்ரல் சிநேகிதிகள் ஏழு பேரில் ஆறு பேரைப் பார்த்து, உம்முடைய கொப்பியில் இருந்த அவர்களின் பெயர்களுக்குச் சரி போட்டு முடித்தோம். எல்லாரும் உம்மைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அடுத்த நிமிஷம் பையை எங்கே ஒளிப்பது என்று பார்த்தார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தியான இந்திராவின் வீட்டு விருந்தைச் சொல்லாமல் விடுவேனா? மூன்று குளியலறை வைத்த வீடு. பன்னிரண்டு விருந்தாளிகள். இந்திரா முந்திக்கொண்டு, "இவை ரண்டு பேரும் ஒரு கலியாணத்துக்கு வந்திருக்கினம்" என்று அறிமுகம் செய்தார்.

"ஆரின்ரை கலியாணம்?" என்று கேட்டார் ஒரு அங்கிள். இந்திரா கூரையைப் பார்த்தார்.

"கலியாணமில்லை அண்ணை" என்றீர் நீர், தட்டில் சோறு போட்டுக்கொண்டே. "டண்டினொங்கில சலாது கழுவுறம். இந்தா, இந்தக் கோப்பையில இருக்கிறதும் நாங்கள் கழுவினதாத்தான் இருக்கும். பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

ஒருவரும் சலாதைத் தொடவில்லை. இந்திரா இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. ஆனால் நான் குசினியில் கோப்பை கழுவும்போது, முழங்கை வரை காப்புப் போட்ட ஒரு எஞ்சினியர் பெண்சாதி, சாந்தி என்று பெயர், கதவைச் சாத்திவிட்டு வந்து காதுக்குள் கேட்டார்: "அக்கா, உங்கட லைனுக்கு இன்னும் ஆள் எடுக்கினமோ? வீட்டுக்குள்ள இருந்து இருந்து எனக்கு விசர் பிடிக்குது." திங்கட்கிழமை காப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றார். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறார், இப்போது மேற்பார்வைக்காரியாக.

அந்தச் சாந்தி நாளை மெல்பேர்னிலிருந்து வருகிறார், மச்சாள். கல்வெட்டைக் கையில் வாங்கியதும் உம்மை அதற்குள் தேடுவார். அங்கே ஒரு யாத்திரைக்காரியைக் கண்டால் என்ன நினைப்பார்? தன் வேலையைச் சொல்லவும் எங்களுக்கு வாய் கூசியது என்றுதானே?

ஏழாவது பேர் அடிலெய்டில் இருக்கிற லில்லி. அவரிடம் போகத்தான் பை கட்டி வைத்தோம். அன்றுதான் நித்தியின் ரெலிபோன்: நெஞ்சு நோகுதாம், மூச்சு விட ஏலாதாம். விழுந்தடித்துக்கொண்டு சிட்னி வந்தோம். வாய்வு. தானே சமைத்த கடலைக் கறியை மூன்று நாளாகச் சூடாக்கித் தின்றிருக்கிறார். நீர் தலையில் கை வைத்துச் சிரித்தீர். லில்லியிடம் அடுத்த வருஷம் போவம் என்றீர். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம். பேரப்பிள்ளையை ஆசை தீரத் தூக்கினீர், அதுவும் உண்மை. போன மாதம் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தீர். அவ்வளவுதான். தம்பிக்கு நெஞ்சுநோ ஊருக்கே சொல்லிக்கொண்டு வந்தது. உமக்கு ஏன் எங்கள் ஒருவரிடமும் சொல்லாமல் வந்தது?

சரி. புலம்ப மாட்டேன் என்று தலைப்பிலேயே சொன்னேனல்லவா.

இவ்வளவையும் எழுதி இன்று காலை ஷாமினிக்கு வாசித்துக் காட்டினேன். நீர் போன கோபத்தில் அந்த ஐந்து மாதமும் உம்மோடு கதைக்காமல் இருந்தவள் அவள். யாத்திரை என்ற வரியில் அவளுக்கும் அதுவரை சம்மதம்தான். சப்பாத்து இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"மாமி, அந்த ஷூ என்ரை. த ரெட் வன். மற்றது றோட்டில விழுந்தது, நான் அழுதனான். அம்மா திரும்பிப் பாக்கேல்லை." பிறகு, "அம்மா ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?"

"நீ ரெலிபோன் எடுக்கேல்லை, பிள்ளை" என்றேன். கொடுமையான பதில்தான்.

நிறைய நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கடிதம் எத்தினை கொப்பி வேணும்? ஒஃபிஸில நல்ல மெஷின் இருக்கு" என்றாள்.

ஆகவே உம்முடைய தம்பியின் புத்தகத்தில் ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை. என் எட்டு வரி இடத்தில் ஒரு தாமரைப்பூப் படம் போட்டு நிரப்பியிருக்கிறார், அழகாகத்தான் இருக்கிறது. புத்தகங்கள் பெட்டி பெட்டியாக எங்கள் கராஜில் இருக்கின்றன. இன்று பின்னேரம் நித்தி மண்டபத்துக் கதிரைகளை எண்ணப் போகும்போது, நானும் ஷாமினியும் இருந்து ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும், யாத்திரை வரி இருக்கிற பக்கத்தில், இந்தக் கடிதத்தைச் செருகுவோம். கடைசித் தாளின் பின்பக்கத்தில் அந்த வியட்நாம் மேற்பார்வைக்காரி எடுத்த படம்: தலையில் வலைத்தொப்பி, காலில் பூட்ஸ், முதுகில் சிவப்புப் பை, வாய் நிறையச் சிரிப்பு. பட்டுச் சேலைப் படத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. நாளை வாசலில் நின்று இருநூறு பேருக்கும் இதைத் தன் கையாலேயே கொடுக்கப்போவது உம்முடைய தம்பி.

மண்டபத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களே, சோறு ஆறப்போகிறது, சாப்பிடுங்கோ. சலாதும் இருக்கிறது.

அடுத்த திங்கள் நான் அடிலெய்டுக்குப் போகிறேன், மச்சாள். சில்லுப் பெட்டி இல்லை. உம்முடைய சிவப்புப் பையேதான். இடுப்பு வார் உம்முடைய அளவில் இறுக்கியபடியே இருந்தது. எனக்காக நாலு விரற்கடை தளர்த்த வேண்டி வந்தது, மன்னியும். லில்லியைக் கண்டு, உம்முடைய கொப்பியில் ஏழாவது பேருக்கும் சரி போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. அங்கே திராட்சை பிடுங்க ஆள் எடுக்கிறார்களாம்.

என்னைக் கூட்டிக்கொண்டு வர உம்முடைய தம்பி யாரையாவது அனுப்புவார். அனுப்பட்டும். வந்து இறங்குகிறவர் யாராக இருந்தாலும், நாளைக்கு எங்கள் வரிசையில் ஒரு ஆள் குறைகிறது என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
கூட்டிக்கொண்டு வர அனுப்பிய இடத்தில் கூடவே போன,
உம்முடைய தம்பி பெண்சாதி, உம்முடைய மச்சாள்