பக்கத்துக்குப் பக்கம் டீ

ரேவதி இன்று காலையில் ஒரு வட்டத் தட்டைக் கொண்டுவந்து உங்கள் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். சாப்பிடும் தட்டு இல்லை. சின்ன தோசை அகலம், அட்டையைவிட மெல்லிசு, கண்ணாடிபோல் பளபளப்பு. என் நெற்றியில் விபூதி கோணலாக இருந்ததை அதில் பார்த்துத்தான் சரிசெய்துகொண்டேன்.

"கை வெக்காத ஆயா, ரேகை பட்டுடும்."

"வீட்டுக்கு வந்துட்டதுக்கு அப்புறம் பட்டா இன்னாடி?"

சிரித்தாள். நம் பேத்தி இந்த வீட்டில் சிரித்து எத்தனையோ மாதம் ஆயிற்று. அதை உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போனபோது அவளுக்குக் காலேஜில் கடைசி வருஷம். பிறகு பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தாள். காலை ரயிலில் போய் இருட்டியபின் வருவாள். அங்கே ஒரு பேராசிரியரும் இவளும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து ஒரு புது வகை சிப் கண்டுபிடித்தார்கள். வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டிக்குள் அது இருந்தால் பெட்டி சூடாகாதாம், கரண்டும் வீணாகாதாம். இந்தத் தட்டின்மேல் அதை நூற்றுக்கணக்கில் உண்டாக்கி, பிறகு தனித்தனியாக அறுத்து எடுக்கிறார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் கையால் செய்த தட்டெல்லாம் நன்றாக வந்தது. ஆனால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று செய்தால் கடைக்கு எப்படி வரும்? ஃபேக்டரியில் மெஷினே அதைச் செய்ய வேண்டும். செய்முறையைப் படிப்படியாக எழுதிக் கொடுத்தார்கள். ஃபேக்டரிக்காரர்கள் மூன்று தடவை செய்து பார்க்க மட்டும் இடம் கொடுத்தார்கள். மூன்றுக்குள் சரியாக வந்தால் தயாரிப்பு. இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்கு, இவர்கள் இத்தனை வருஷம் பட்ட பாடு அலமாரிக்கு.

முதல் தடவை, மேலே பூசிய படலம் வெங்காயத் தோல்போல் உரிந்து வந்துவிட்டது. தண்ணீரை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். இரண்டாம் தடவையும் அதே கதை. நல்ல சிப்பைக் கம்ப்யூட்டர் பச்சையாகக் காட்டுமாம், கெட்டுப்போனதைச் சிவப்பாக. "பூரா செவப்பு ஆயா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவள்தான். அதன்பிறகு அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதெல்லாம் உங்கள் சாம்பிள் ரூமைத்தான் நினைத்துக்கொள்வேன். சுரங்கத்தில் கீழே லெவலிலிருந்து வரும் கல்லை இடித்து, சலித்து, சூட்டில் காயவைத்து, ஆறியதும் எடை போட்டு, அதில் எவ்வளவு தங்கம் என்று பார்ப்பது உங்கள் வேலை. செய்ததையெல்லாம் சட்டைப்பை நோட்டில் எழுதுவீர்கள். 'காயவைத்தேன். டீ. எடை போட்டேன்.' பக்கத்துக்குப் பக்கம் அந்த டீ இருக்கும். உங்கள் கூட்டாளி தாஸ் நம் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து கிண்டல் செய்வார்.

"இன்னாப்பா, டீ குடிச்சத வேற எழுதிக்கினு கீற? அப்ப பீடி குடிச்சது?"

"அதுவும் எழுதிகீறேன், பாரு" என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினீர்கள்.

நானும் ஒருநாள் கேட்டேன். "செஞ்சத எழுதணும்மே. இதுல எது வேலை, எது வேலை இல்லன்னு சொல்றதுக்கு நான் யாரு?" என்றீர்கள். டீப் பைத்தியத்துக்கு இது ஒரு சாக்கு என்றுதான் நான் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பழக்கம் ரேவதிக்கும் ஒட்டிக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு கணக்குக்கு நடுவில் 'முறுக்கு தின்னேன்' என்று எழுதிவைத்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து சொன்னால், நீங்கள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள்.

மூன்றாவது தடவைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதிய நோட்டுகளையெல்லாம் நம் வீட்டுக் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபேக்டரிக்குக் கொடுத்த காகிதத்தோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப்பார்க்கிறாளாம். மின்விசிறியில் பக்கம் பறந்ததால் நான் ஒரு நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டேன். எல்லாம் இங்கிலீஷ். ஆனால் நடுவில் ஒரு சொல் மட்டும் தமிழில். அடுத்த பக்கத்திலும் அதே. அதற்கடுத்ததிலும்.

"இன்னாடி இது, பக்கத்துக்குப் பக்கம் டீன்னு எழுதி வெச்சிகீற? எனக்குப் படிக்க வந்தது அது ஒண்ணுதான்."

"தாத்தா பழக்கம் ஆயா. உடு."

"அந்தக் காயிதத்துல இல்லியே?"

"ஐயோ, ஃபேக்டரிக்குப் போற பேப்பர்ல டீ குடிச்சேன்னு எழுதுவாங்களா? மானம் போயிடும். நான்தான் எடுத்துட்டேன்" என்றாள். சொன்னவள் சட்டென்று எழுந்தாள். என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் டீ ஒரே இடத்தில்தான் இருந்தது. தட்டைக் கழுவியதற்குப் பிறகு, படலம் பூசுவதற்கு முன்னால்.

பிறகு விளக்கினாள். கழுவிய தட்டை ஈரமில்லாத காற்று நிரப்பிய ஒரு பெட்டியில் வைத்துவிட்டு இவள் கேன்டீனுக்குப் போவாளாம். அந்த இருபது நிமிஷத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த ஈரம் தானாகப் போய்விடும். ஃபேக்டரி மெஷினுக்கு ஏது டீ? கழுவிய கையோடு எடுத்துப் பூசிவிட்டது. ஈரத்தின்மேல் பூசியது உரியாமல் என்ன செய்யும்?

மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்தில் டீ குடிக்காமல் ஒரு தட்டு, குடித்து ஒரு தட்டு என்று செய்து பார்த்தாள். குடிக்காதது உரிந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியும் ஃபேக்டரி மேஸ்திரி, "இருபது நிமிஷம் சும்மா வெக்கிறதுக்கா கோடி ரூபா மெஷின்?" என்றாராம். இவள் விடவில்லை. எழுத வெட்கப்பட்டதைத் தன் வாயாலேயே அத்தனை பெரிய ஆட்கள் முன்னால் சொல்லியிருக்கிறாள். அதுதான் எனக்குப் பெருமை.

மூன்றாவது தடவை முடிந்த அன்றைக்குப் பங்காருபேட்டை ஸ்டேஷனிலிருந்து போன் செய்தாள். ஒரே ரயில் சத்தம்.

"ஆயா, பச்சை! பூரா பச்சை! எல்லாரும் கை தட்னாங்க!"

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். பக்கத்து வீட்டு சரோஜா பயந்து ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "டீ குடிச்சதுக்கா உன் பேத்திக்குக் கை தட்னாங்க? அப்ப எனக்கு மாலையே போடணும்" என்றாள். இருக்கட்டும். அடுத்த மாதம் தயாரிப்பு தொடங்குகிறது. படத்துக்குப் பக்கத்தில் இருப்பது அந்த மூன்றாவது தடவையில் ஓரம் உடைந்த தட்டு. செய்முறைக் காகிதத்தில் அந்த இருபது நிமிஷத்துக்கு ஏதோ இங்கிலீஷ் பேர் போட்டிருக்கிறார்களாம். மெஷினில் நிற்கும் பெண்கள் மட்டும் 'டீ' என்றுதான் சொல்கிறார்களாம்.

உங்கள் கடைசி நோட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. சுரங்கத்தை மூடிய அன்று நீங்கள் எழுதிய வரியோடு அது நின்றுவிட்டது. 'காயவைத்தேன். டீ.' எடை போட யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லி அதை என்னிடம் கொடுத்தீர்கள். அதற்குப் பின்னால் உள்ள வெள்ளைப் பக்கங்களைப் பார்க்கப் பிடிக்காமல்தான் இத்தனை வருஷம் பெட்டியின் அடியில் போட்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை அந்தப் பக்கங்களில்தான் எழுதுகிறேன். நடுவில் ஒருமுறை எழுந்துபோய், ரேவதிக்கும் எனக்கும் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். உங்கள் வரிக்கு நேர் கீழே அதையும் எழுதிவிட்டேன்.