புரொஜெக்டர் அறைக்குள் செருப்பில்லாமல் நின்ற அண்ணனுக்கு

என் செல்ல சாலமன் அண்ணா,

அம்மா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அறையில் விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வாள். அதனால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கிண்டல் செய்யாதே.

நீ போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நாளைக் காலை பத்து மணிக்குத் தியேட்டருக்கு மின் ஆய்வாளர் வருகிறார். நீ எப்படிச் செத்தாய் என்று அவர் விசாரித்து எழுதப் போகிறார். அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

லைசன்ஸ் பரீட்சையில் பாஸாகி, பிரேசர் டவுன் தியேட்டரில் ஆபரேட்டராகச் சேர்ந்த அன்று நீ எப்படி இருந்தாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவுக்கு மட்டும் மனசில்லை. "உங்கப்பா கோலார்ல சுரங்கத்து இருட்டுல கெடந்தாரு. நீயும் இருட்டு ரூமையே தேடிப் போறியேடா" என்றாள். "அவரு கல்லு ஒடைச்சாரும்மா. நான் ஆயிரம் பேருக்குப் படம் காட்டப் போறேன்" என்றாய். நாலே மாதம்தான் காட்டினாய்.

அந்த நாலு மாதத்தில் எங்களை என்ன பாடு படுத்தினாய்! சாப்பிடும்போதும் படம் தெளிவாக விழுந்ததா, சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டதா என்பதே பேச்சு. ஒரு ரீல் முடிந்து அடுத்த மெஷினுக்கு மாறும்போது நடுவில் வெள்ளைத் திரை தெரியக் கூடாது. "ஒரு செகண்ட் வெள்ளையா தெரிஞ்சாலும் நான் துணியில்லாம ரோட்ல நிக்கிற மாதிரிடி" என்பாய். ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால், ஃபிலிம் ஓடும் இடத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்வாய். தூசி ஒட்டினால் ஃபிலிமில் கீறல் விழும், கீறல் விழுந்தால் படம் முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு ஓடும் என்று சொல்லிக் கொடுத்தாய்.

அதனால்தான் செருப்பு வெளியே. யாராக இருந்தாலும் சரி, கழற்றிவிட்டுத்தான் உன் அறைக்குள் வர வேண்டும். ஒருநாள் மேனேஜரையே வாசலில் நிறுத்தினாயாமே. "இவன் ரூம்ல சாமி இருக்குதா என்ன?" என்று அவர் கேட்டதை நீ நடித்துக் காட்டி, நாங்கள் எவ்வளவு சிரித்தோம்!

மெஷின் இரைச்சலில் உனக்கு ஹாலின் சத்தம் கேட்காது. சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்தால் வெளிச்சமும் சரியாகப் பிடிபடாது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு என்னை பால்கனிக் கடைசி வரிசையில் உட்கார வைத்தது அதற்குத்தான். கையில் ஒரு பென்சில் டார்ச். சத்தம் குறைந்தால் ஒரு தடவை, வெளிச்சம் மங்கினால் இரண்டு தடவை, ஃபோகஸ் போனால் மூன்று தடவை, திரும்பி உன் ஓட்டையைப் பார்த்து அடிக்க வேண்டும். "ஊருக்கே ஃபோகஸ் செக் பண்றது யாரு தெரியுமா? எங்க வீட்டு சோடாபுட்டி!" என்று என் கண்ணாடியைப் பிடுங்குவாய்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயமாக இருப்பதால்தான்.

நீ போன அன்றைக்கும் மழை. மூன்று வாரமாகவே உன் அறையில் ஒழுகிக்கொண்டிருந்தது. மெஷின் விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இரும்புப் பெட்டியின் முன்னால் எப்போதும் ஈரம். அதற்கு முந்தின ஞாயிறு நான் சாப்பாடு கொண்டுவந்தபோது நீ மேனேஜரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாய்.

"சார், பெட்டியத் தொட்டா விர்ருங்குது. எர்த் ஒயர் அந்து கெடக்குது. அத சரி பண்ற வரைக்கும் நிக்கறதுக்கு ஒரு ரப்பர் பாயாவது குடுங்க சார்."

"மழை நின்னா ஒழுகறதும் நிக்கும், பிடுப்பா, விட்டுத்தள்ளு. வர்ற வாரம் பார்க்கலாம்."

"அதுவரைக்கும் ஷோ?"

"ஷோ நிறுத்தறியா? நிறுத்திட்டு ஜனங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு, ஹீரோ."

நான் டிஃபன் கேரியரோடு வாசலில் நின்றேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு, இடைவேளை முடிந்து படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் திரை மஞ்சளாக மங்கியது. யாரும் கவனிக்கவில்லை அண்ணா. பக்கத்தில் இருந்த அக்கா முறுக்குத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. திரும்பி இரண்டு தடவை அடித்தேன். ஓட்டையில் உன் முகம் தெரிந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய்.

கரண்டைக் கூட்டும் திருகு அந்தப் பெட்டியில்தானே இருக்கிறது?

திரை ஒரு கணம் பளிச்சென்று வெளுத்தது. பிறகு இருட்டு. கீழே விசில் அடித்தார்கள். "ஏய் ஆபரேட்டர், தூங்கறியா?" என்று ஒருவன் கத்தினான். "மச்சி, அவன் டீ குடிக்கப் போயிட்டான்டா!" என்று இன்னொருவன். நானும் ஃபிலிம்தான் அறுந்துவிட்டது என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் உன்னை எப்படிக் கிண்டல் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் யோசித்தேன். நீ தரையில் கிடந்தாய்.

நான் படியேறி வந்தபோது மேனேஜர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். வாசலில் உன் செருப்பு, வழக்கம்போல ஜோடியாக.

அன்று மாலை ஆறரைக் காட்சி ஓடியது. வேறு தியேட்டரிலிருந்து ஆபரேட்டரை அழைத்துவந்தார்களாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ இதைச் சொன்னபோது, ஃபோகஸ் சரியாக இருந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். என்ன மாதிரிப் பெண் நான்?

நாலாம் நாள் மேனேஜர் லிங்கராஜபுரத்தில் நம் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நீ அன்றைக்குக் குடித்திருந்ததாகச் சொன்னார். நீ! கிறிஸ்துமஸுக்குச் செய்யும் திராட்சை ரசத்தையே முகம் சுளித்துக் குடிப்பவன். "குடிச்சான்னு நாங்க எழுத மாட்டோம்மா. கவனக்குறைவுன்னு மட்டும் நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. செத்தவன் பேர எதுக்குக் கெடுக்கணும்?" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். அம்மா வாங்கி பைபிளுக்குள் வைத்தாள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடாமல் இருப்பாளா என்றும் தெரியவில்லை.

போகும்போது வாசலில் என்னிடம் குனிந்து, மெதுவாகச் சொன்னார். "பாப்பா, நீ அன்னிக்கு தியேட்டருக்கே வரல. வீட்ல படிச்சிட்டு இருந்த. சரிதானே?"

நான் தலையை ஆட்டினேன் அண்ணா.

பயத்தில் ஆட்டினேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. அவர் அப்படிச் சொன்னதும் நெஞ்சுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் அங்கே இல்லை என்றால் டார்ச்சும் இல்லை. உன்னை அந்தப் பெட்டிக்கு அனுப்பியது நானில்லை. அம்மாவுக்கு என்றைக்கும் தெரியாது. அதற்காக, உன்னைக் கவனமில்லாதவனாக விட்டுவிடச் சம்மதித்தேன். பிரஷ் வைத்துத் தூசி தட்டிய உன்னை.

நீ எனக்காகப் பெட்டியைத் தொட்டாயா, படத்துக்காகத் தொட்டாயா? தொட்டால் இழுக்கும் என்று தெரிந்தும் ஏன் அண்ணா தொட்டாய்? நான் டார்ச் அடிக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் நீயே கவனித்திருப்பாயா? யாரிடம் கேட்பேன்?

நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. விடிந்ததும், அம்மா அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால், டார்ச் அடித்ததை முதலில் அவளிடம் சொல்வேன். அவள் என்னை அடிக்கலாம். என் முகத்தையே பார்க்காமல் போகலாம். பிறகு அவளோடு போய், ஒழுகின கூரையையும், அறுந்த ஒயரையும், நீ கேட்ட ரப்பர் பாயையும், அவர் சொன்ன "வர்ற வாரம்" என்பதையும் ஆய்வாளரிடம் சொல்வேன். அன்று நான் எங்கே இருந்தேன் என்று அவர் கேட்டால் மறைக்க மாட்டேன். மேனேஜர் பக்கத்திலேயே நின்றாலும் சத்தமாகச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
அன்றைக்கு பால்கனியில் இருந்த
உன் தங்கை எஸ்தர்