உப்பு பார்ப்பதும் சாப்பாடுதான்

ஜூன் 9, திங்கள்

குள்ளி, இன்றைக்கும் வெயில்தான். தெருவே விசிறிக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் குளிர். இட்லிக் குண்டான் பக்கத்திலேயே தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

ஆறு ஈடு இட்லி போனது. சட்னி மீதி. மார்கழியில் நீ காய்ச்சலில் போனதிலிருந்து தினமும் மீதி.

ஆட்டோ எத்திராஜ்: “இன்னாக்கா, நேத்து உப்பே இல்ல, இன்னிக்கு சாம்பார்ல மெரினாவே கீது. ரெண்டையும் கலந்து ஊத்தக்கூடாதா?”

நாளை அடையாறு தைராய்டு டாக்டர். எடுத்து வைக்க: ரத்த ரிப்போர்ட், பழைய சீட்டு, மாத்திரை டப்பா, குடை.

ஜூன் 10, செவ்வாய்

கூட்டம். பெஞ்சில் பக்கத்தில் ரெண்டு பேர். “உனுக்கு எவ்ளோ?” “பதினொண்ணு.” “எனுக்கு ஏழுதான்.” பரீட்சை மார்க் மாதிரி. நான் என் ரிப்போர்ட்டை மடித்து வைத்துக்கொண்டேன். அவர்களை விட ஜாஸ்தி.

டாக்டர் சின்னப் பெண். முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு.

“மாத்திரைய அம்பதுல இருந்து நூறு ஆக்கியாச்சு, ரிப்போர்ட்ல இன்னும் ஏறுதே. மாத்திரை விட்டு விட்டுப் போடறீங்களாம்மா?”

“ஒரு நாள் தவறினதில்ல டாக்டர். என் தங்கச்சி செத்த அன்னிக்குக்கூட போட்டேன்.”

சொன்ன பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

“வெறும் வயித்துலயா?”

“வெறும் வயித்துலதான்.”

“காலையில எழுந்ததுல இருந்து வரிசையா சொல்லுங்க.”

சொன்னேன். எழுந்ததும் மாத்திரை, தண்ணீர். அடுப்பு. சாம்பார் கொதித்ததும் உள்ளங்கையில் விட்டு ஒரு வாய். சட்னி ஒரு விரல். வெந்ததா என்று முதல் ஈட்டில் பாதி இட்லி. டீயில் சர்க்கரை பார்க்க ரெண்டு மடக்கு. எட்டரைக்குச் சாப்பாடு.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டாள். “அதுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சிட்டீங்களேம்மா.”

“அது சாப்பாடு இல்ல டாக்டர். உப்பு பார்க்கிறது.”

“அது வயித்துக்குத் தெரியாதே.”

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் படக்கூடாதாம். பால், டீ பட்டால் மாத்திரை உடம்பில் சேராமல் போகுமாம். காலைக்குப் பதிலாக ராத்திரி போடலாம், சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆன பிறகு. நான் எட்டு மணிக்கே படுத்துவிடுகிறவள். அது ஆகாது. இனிமேல் சரியாகப் போட்டால் நூறு அதிகமாகிவிடும், பழையபடி ஐம்பதே போடச் சொன்னாள். கூடினாலும் கெடுதலாம், நெஞ்சு படபடக்குமாம், கை நடுங்குமாம்.

கழுத்தைப் படம் போட்டுக் காட்டினாள். எனக்குப் புரிந்தது இது. மண்டைக்குள் ஒரு மேஸ்திரி. கழுத்தில் ஒரு வேலையாள். வேலையாள் சுணங்கினால் மேஸ்திரி கத்துகிறார். ரிப்போர்ட்டில் பெரிதாக இருக்கிற டி.எஸ்.எச். என்பது வேலையாள் இல்லை, மேஸ்திரி போடுகிற சத்தம். நான் இப்படிச் சொன்னதும் டாக்டர் சிரித்தாள், அதேதான் என்றாள்.

கிளம்பும்போது சொன்னாள், “தங்கச்சி போன துக்கம் இருக்கும்தான். ஆனா இந்த அழுகை, மறதி, உடம்பு கனக்கிறது, இதுல பாதி தைராய்டா இருக்கலாம்மா.”

“எந்தப் பாதி?”

“அப்படிப் பிரிச்சு சொல்ல முடியாதும்மா.”

பஸ்ஸில்தான் உறைத்தது. நீ இருந்தவரை உப்பு பார்த்தது நீ. நான் மாத்திரையைப் போட்டுவிட்டு மாவு ஊற்றுவதோடு சரி. நீ போன பிறகுதான் நான் வாயில் வைக்க ஆரம்பித்தேன். ரிப்போர்ட் ஏற ஆரம்பித்ததும் அப்போதுதான்.

ஜூன் 11, புதன்

வியாபாரம் முடிந்து உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எது நீ, எது தைராய்டு என்று.

முடி கொட்டுவது – தை.
மலச்சிக்கல் – தை. (நீ இருந்தால் இதைத் தெருவுக்கே சொல்லியிருப்பாய்.)
குளிர் – தை.
முகம் ஊதினது – தை.
மறதி – ரெண்டும்.
உன் தட்டில் சோறு போட்டு வைத்தது – நீ.
அழுகை –

எழுதவில்லை.

ஜூன் 14, சனி

மேகம் போட்டது, மழை இல்லை.

நாலு நாளாக உப்பு பார்க்கிறேன். மறந்துபோய் இல்லை, தெரிந்தேதான். மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே சாம்பாரை வாயில் வைக்கிறேன். மாத்திரை சேர்ந்து, அழுகை போய்விட்டால், உனக்கென்று என்னிடம் வேறு என்ன இருக்கிறது? உன் புடவைகளைக்கூட பூக்கார ராணி அக்காவின் மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

உளுந்து ஊறப் போட மறக்கக் கூடாது.

ஜூன் 17, செவ்வாய்

குண்டானில் தண்ணீர் ஊற்றாமலே அடுப்பில் வைத்துவிட்டேன். தட்டு, துணி எல்லாம் கருகி, புகை. நான் பக்கத்தில்தான் நின்றேனாம். எனக்குத் தெரியவில்லை. வாசலில் பூக்கட்டுகிற ராணி அக்காதான் ஓடி வந்து அடுப்பை அணைத்தது.

“இன்னாடி, நின்னுக்கினே தூங்குறியா?”

அழுகை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாத்திரை, உப்பு, வேண்டுமென்றே செய்தது, எல்லாம்.

அக்கா கேட்டுக்கொண்டே பூவைத் தொடுத்தது. கடைசியில்: “உன் தங்கச்சி உன்கிட்ட அழுவாச்சி கேட்டாளா? அவ இருக்கறப்ப ஒரு தும்மல் போட்டாலே கஷாயத்த வாயில ஊத்துவா உனுக்கு. இப்ப நீ மருந்த கெடுத்துக்கினு கீற. அவ எதிர்ல வந்தான்னா மொதல்ல கரண்டியாலதான் பேசுவா.”

அதுவும் சரி. நீ கரண்டியால்தான் பேசுவாய்.

“நாளையிலருந்து உப்பு நான் பாக்குறேன். காசு கீசு வாணாம், ரெண்டு இட்லி குடு.”

கருகின இட்லித் துணியை ஊற வைத்தேன். பொத்தல் விழுந்துவிட்டது, புது மல்லுத் துணி வாங்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

அக்கா வந்தது. நீ நிற்கிற இடத்தில், அம்மிக்குப் பக்கத்தில் நின்றது. கரண்டியை நீட்டினேன். விடத்தான் மனசு வரவில்லை, பிறகு விட்டேன்.

“இது சாம்பாரா, ரசத்துக்கு அக்காவா? உப்பு போடு. இன்னும். அய்ய, போதும்!”

நான் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாசனை பிடிக்கிற மூக்கை என்ன செய்வது. ஒரு மணி நேரம் இவ்வளவு நீளம் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

சட்னி மீதி இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

மூணு வாரம். தலைப்பைப் போர்த்தாமல் நின்றேன். மாடிப்படி ஏறினேன், மூச்சு வாங்கவில்லை.

அழுதேன். ஆனால் நானாக நிறுத்த முடிந்தது.

அக்காவுக்கும் எத்திராஜுக்கும் தினமும் சண்டை.

“நீ பாத்த உப்பா? அதான் பூ வாசன வருது.”

“துன்றது ஓசி சாம்பாரு, இதுல வாசன வேற.”

ஜூலை 30, புதன்

மழை தூறல். ரிப்போர்ட் வாங்கினேன். அளவுக்குள் இருக்கிறது. டாக்டர் விரலால் தொட்டுக் காட்டி, “மேஸ்திரி அமைதியாயிட்டாரும்மா” என்றாள். நல்லா இருக்கிறதே என்று நிறுத்திவிடக் கூடாதாம். நிறுத்தினால் மேஸ்திரி மறுபடி கத்துவார். மூணு மாசம் கழித்து மறுபடி ரத்தம்.

“அழுகை எப்படி இருக்கு?”

“இருக்கு டாக்டர். குறைஞ்சிருக்கு.”

“மிச்சம் இருக்கிறது உங்களோடதும்மா. அதுக்கு மாத்திரை கிடையாது.”

அடையாறு டிப்போவில் பஸ் ஏறினேன். ஜன்னல் சீட். முன்னால் ஒரு அம்மா போனில் கத்துகிறது. “தோ வந்துக்கினே கீறேன். மந்தைவெளியே தாண்டிட்டேன். சத்தியமா! பிரிட்ஜ் எறங்குது வண்டி!” கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, “யம்மா, டிரைவர் இன்னும் டீ குடிச்சிக்கினு கீறார்மா” என்றான்.

பஸ் மொத்தமும் சிரித்தது. நானும். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. பக்கத்து சீட்டு அம்மா என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தது. இறங்குகிற இடம் வரைக்கும் நான் உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் அது தெரிந்தது.

குள்ளி, உனக்குக் கோபம் இல்லையே?